சரியான விடை... இன்றுவரை!

டிஎன்பிஎஸ்சி தேர்வு முடிந்த சில நாட்களில் உத்தேச விடைக்குறிப்பு வெளியாகும். தேர்வு எழுதிய பலருக்கு உண்மையான படிப்பு அன்றைக்குத்தான் ஆரம்பம். ஆணையம் சொன்ன விடை தப்பு என்று தோன்றினால் கெடு தேதிக்குள் ஆட்சேபணை அனுப்பலாம். 'எங்க சார் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்' என்பதெல்லாம் எடுபடாது. கைடும் கோச்சிங் சென்டர் நோட்ஸும் செல்லாது. தரமான புத்தகத்தின் பக்கத்தை ஆதாரமாகக் காட்ட வேண்டும். வந்த ஆட்சேபணைகளை நிபுணர்கள் அலசி முடித்தபின் இறுதி விடை வரும். குரூப் 4 தேர்வில் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரை கையைவிட்டுப் போனால் ரேங்க் எங்கோ போய்விடும் என்பதால் ஒரு கேள்விக்காக நூலகம் நூலகமாக அலைகிறவர்கள் உண்டு.

தேர்வறைக்கு வெளியே உள்ள பொது அறிவுக்கு இப்படி ஓர் இறுதி விடை வருவதே இல்லை. நாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பவற்றில் பல, என்றோ ஒருநாள் எங்கோ ஒரு குழு கூடி எடுத்த முடிவுகள். சில விடைகளை யாரோ எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். சிலவற்றை எண்ணாமலே சொன்னார்கள். தப்பு என்று நிரூபித்த பிறகும் வினா வங்கிகளில் சௌக்கியமாக வாழ்கிற விடைகளும் இருக்கின்றன. ஒரு விடை எப்படி விடையானது, யார் கையால் மாறியது என்று தேடிப் போனால் விடையைவிட அந்தக் கதைதான் ருசி. என்னைக் கேட்டால், அந்தக் கதைகளில் முதலிடம் ஜிம் தோர்ப்புக்கு.

ஒரே பந்தயம், மாறி மாறி வந்த விடைகள்

கேள்வி சுலபமானது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டெகத்லான் தங்கம் யாருக்கு?

1912-ல் கேட்டிருந்தால் அமெரிக்காவின் ஜிம் தோர்ப். 1913-ல் கேட்டிருந்தால் ஸ்வீடனின் ஹியூகோ வீஸ்லாண்டர். 1982-க்குப் பிறகு இருவரும். 2022 ஜூலையிலிருந்து மறுபடியும் தோர்ப் மட்டும். பந்தயம் ஒரே ஒரு தடவைதான் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோர்ப் அமெரிக்கப் பழங்குடியினரான சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். ஸ்டாக்ஹோமில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் வென்றார். டெகத்லானில் இரண்டாம் இடத்தில் வந்த வீஸ்லாண்டருக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட 700 புள்ளி வித்தியாசம். போட்டியே இல்லை என்று சொல்லிவிடலாம்.

1913 ஜனவரியில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை குண்டு போட்டது. 1909, 1910-ல் தோர்ப் வட கரோலினாவில் ஒரு சின்ன லீகில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்பதுதான் செய்தி. அன்றைய ஒலிம்பிக்கில் காசுக்கு ஆடியவருக்கு இடம் கிடையாது. எந்த விளையாட்டில் காசு வாங்கியிருந்தாலும் சரி. கோடை விடுமுறையில் அப்படி ஆடிய கல்லூரி மாணவர்கள் எத்தனையோ பேர். பலர் கள்ளப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடியதால் மாட்டிக்கொண்டார். பதக்கங்கள் பறிபோயின.

இதில் கொடுமை எங்கே என்றால், அதே ஒலிம்பிக்கின் விதிப்படி ஒரு வீரரின் தகுதி பற்றிய ஆட்சேபணை போட்டிகள் முடிந்து 30 நாட்களுக்குள் வந்தாக வேண்டும். செய்தி வந்ததே அரை வருடம் கழித்து. கெடு முடிந்த ஆட்சேபணையை வைத்து விடையை மாற்றிவிட்டார்கள்! இந்த விதியை ஆதாரமாகக் காட்டித்தான் பின்னால் வந்தவர்கள் போராடினார்கள். 1982-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இறங்கி வந்தபோது தோர்ப் இறந்து 29 வருடங்கள் ஆகியிருந்தன. அப்போதும் அரை மனசுதான்: 'அவரும் சாம்பியன்' என்று சேர்த்துக்கொண்டார்கள். 2022-ல்தான் தனி வெற்றியாளர் என்று முழுதாக எழுதினார்கள். அதற்கு ஸ்வீடன் ஒலிம்பிக் கமிட்டியும் வீஸ்லாண்டரின் குடும்பத்தாரும் சம்மதம் தந்தார்கள். தனக்கு ஒதுக்கிய தங்கத்தை வீஸ்லாண்டர் ஒருநாளும் மனசார ஏற்றுக்கொண்டதில்லையாம். பென்டத்லானில் இதே நிலையில் இருந்த நார்வேயின் ஃபெர்டினாண்ட் பீ விஷயத்தில் அந்த நாட்டுக் கமிட்டியும் தடை சொல்லவில்லை. எழுபது வருடம் விடைத்தாளில் இருந்த வீஸ்லாண்டரே அந்த விடையை ஒப்புக்கொள்ளவில்லை என்பது எந்த வினா விடைப் புத்தகத்திலும் இல்லை.

நாற்பத்தெட்டு என்று சொன்னால் நாற்பத்தெட்டுதான்

மனித செல்லில் எத்தனை குரோமோசோம்? பள்ளிப் பிள்ளைகூட 46 என்று சொல்லும். 1923-லிருந்து 1956 வரை பாடநூல்கள் சொன்னது 48.

அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தியோபிலஸ் பெயின்டர். திறமைசாலி. மனிதர்களிடம் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருப்பதைக் காட்டியவர்களில் ஒருவர். அவர் ஆராய்ந்தது டெக்சாஸ் மனநலக் காப்பகத்தில் இருந்த மூன்று ஆண்களின் விரைகளிலிருந்து எடுத்த திசுவை. அவர்களுக்கு விரைநீக்கம் செய்தது யார் சம்மதத்தில் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். திசுவை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுவதுதான் அன்றைய முறை. குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட சேமியா போல ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். பெயின்டர் 1921-ல் 46 ஆகவும் இருக்கலாம், 48 ஆகவும் இருக்கலாம் என்றார். இன்னும் சொல்லப்போனால் அவருக்கு மிகத் தெளிவாகத் தெரிந்த செல்களில் 46தான் தெரிந்தது. ஆனாலும் 1923-ல் 48 என்று முடிவு செய்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எண்ணியவர்களில் பெரும்பாலோருக்கும் 48 கிடைத்தது. 1952-ல் டெக்சாஸில் டி.சி. சூ என்ற ஆய்வாளரின் பரிசோதனைக்கூடத்தில் யாரோ உப்புக் கரைசலில் அதிகமாகத் தண்ணீரைக் கலந்துவிட்டார்கள். நீரை உறிஞ்சிய செல்கள் உப்பின. குரோமோசோம்கள் பிரிந்து, பளிச்சென்று தெரிந்தன. யார் செய்த தவறு என்று கடைசிவரை தெரியவில்லை; மனித மரபணுவியல் அந்த முகம் தெரியாத ஆளுக்குப் பட்ட கடன் கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவு தெளிவான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சூ எண்ணிச் சொன்ன விடை... 48!

முடிச்சை அவிழ்த்தவர் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ச்யோ. வேளாண்மை படித்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறைமுகாமில் அடைபட்டுக் கிடந்தவர். ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறைக் காலங்களில் ஸ்வீடனின் லுண்ட் நகருக்குப் போய் ஆல்பர்ட் லெவானின் கூடத்தில் ஆராய்ச்சி செய்வார். 1955 டிசம்பரில், சூவின் தண்ணீர் வித்தையையும் கோல்சிசின் மருந்தையும் சேர்த்துப் பயன்படுத்தி, நுரையீரல் செல்களின் படங்களை எடுத்து எண்ணினார். கிட்டத்தட்ட எல்லா செல்களிலும் 46. அடுத்த வருடம் கட்டுரை வந்தது. அதில் போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது. ஸ்வீடனிலேயே வேறு மூவர் கல்லீரல் செல்களில் எண்ணிப் பார்த்து, 48-ஐயும் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று அந்த ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். கண்முன்னே 46 இருக்க, காணாமல் போன இரண்டைத் தேடியிருக்கிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எண் சரியான மூன்றே வருடத்தில், 1959-ல், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் செல்லில் 47 இருப்பதை பிரான்ஸின் ழெரோம் லெழேன் குழு அறிவித்தது. ஒன்று கூடுதல் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் மொத்தம் எத்தனை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

லிபியாவின் ஒரு கணக்கு நோட்டு

பூமியில் பதிவான மிக அதிக வெப்பநிலை எது? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளியில் படித்தவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: லிபியாவின் அல் அஜீஜியா, 58 டிகிரி செல்சியஸ், 13 செப்டம்பர் 1922. இந்தப் பதிவு தொண்ணூறு வருடம் நின்றது.

சந்தேகம் பலருக்கு இருந்தது. அஜீஜியா திரிப்போலிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். உலக வானிலை அமைப்பு ஒரு சர்வதேசக் குழு போட்டது. அதில் லிபிய வானிலைத் துறையின் காலித் எல் ஃபத்லியும் ஒருவர். அசல் பதிவேட்டைத் தேடி எடுத்தவர் அவர்தான். நடுவில் 2011-ல் லிபியாவில் கடாஃபிக்கு எதிரான போர் மூண்டது. எல் ஃபத்லியிடமிருந்து மாதக்கணக்கில் தகவலே இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடக் குழுவினருக்குத் தெரியாது. கடாஃபி ஆட்சி விழுந்தபின் திரும்பத் தொடர்புக்கு வந்தார், வேலை தொடர்ந்தது.

பதிவேட்டைப் பார்த்தால், அந்த செப்டம்பரில் கையெழுத்து மாறியிருக்கிறது. புதிய ஆள் பொறுப்பேற்றிருக்கிறார். உச்ச வெப்பநிலையையும் குறைந்த வெப்பநிலையையும் கட்டம் மாற்றி எழுதியிருக்கிறார். பயன்படுத்திய வெப்பமானி பழைய வகை. அதற்குள் நகரும் சின்ன ஊசியின் கீழ் முனையைப் பார்த்து அளவு படிக்க வேண்டும். பழக்கமில்லாதவர் மேல் முனையைப் பார்த்தால் ஏறத்தாழ 7 டிகிரி கூடிவிடும். அப்படித்தான் நடந்திருக்கும் என்று குழு முடிவு கட்டி, 2012 செப்டம்பர் 13 அன்று, சரியாகத் தொண்ணூறாம் பிறந்தநாளில், அந்தச் சாதனையை ரத்து செய்தது.

இப்போது அதிகாரபூர்வ விடை, அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி. அதையும் நம்பாத வானிலை வல்லுநர்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்களின் அன்றைய அளவோடு அது ஒத்துப்போகவில்லை என்பது அவர்கள் வாதம். தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் இதைப் பென்சிலால் எழுதி வைப்பது நல்லது.

ஓட்டு போட்டு, மறுபடி அளந்து, டிக்கெட் விற்று...

புளூட்டோ கதை எல்லோருக்கும் தெரியும். 2006 ஆகஸ்ட் 24, பிராக் நகரம், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கூட்டம், சுமார் 400 பேர் ஓட்டு, ஒன்பது கோள் எட்டானது. பலர் கவனிக்காத ஒன்று: நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அந்த வருடம் ஜனவரியில் புறப்பட்டபோது புளூட்டோ கோள், 2015 ஜூலையில் போய்ச் சேர்ந்தபோது குறுங்கோள். விண்கலத்துக்குள் புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டோம்போவின் அஸ்தியில் ஒரு சிட்டிகை இருந்தது. சனிக்கு எத்தனை நிலா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128-ஐச் சேர்த்து 274 ஆக்கியிருக்கிறார்கள்.

எவரெஸ்ட்டின் உயரத்துக்கு நம்ம ஊரோடு ஒரு நூல் இழை உண்டு. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவைப் பணிக்கு வில்லியம் லாம்டன் முதல் அடிக்கோடு போட்டது 1802-ல், சென்னை பரங்கிமலைப் பக்கம். அந்த முக்கோணங்கள் வடக்கே நகர்ந்து நகர்ந்து இமயமலையைத் தொட்டன; ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டார்; 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். கணக்கில் வந்தது துல்லியமாக 29,000தான், குத்துமதிப்பு என்று சந்தேகப்படுவார்களே என்று இரண்டு அடியைச் சேர்த்தார்கள் என ஒரு கதை சொல்வார்கள். பிறகு இந்தியா மறுபடி அளந்து 8,848 மீட்டர் என்றது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86. அதற்கு முன்னால் உச்சியிலுள்ள பனியைக் கணக்கில் சேர்ப்பதா, பாறையோடு நிறுத்துவதா என்றுகூட இரு நாடுகளுக்கும் ஒத்துப்போகவில்லை.

டைனோசர் பிரியர்களுக்கு பிரான்டோசாரஸ். 1879-ல் பெயர் வைத்தார்கள். 1903-ல் இது ஏற்கெனவே பெயர் வைத்த அபடோசாரஸ்தான் என்று அடித்துவிட்டார்கள். 1989-ல் அமெரிக்கத் தபால்துறை பிரான்டோசாரஸ் என்று அச்சிட்டு ஸ்டாம்ப் வெளியிட்டபோது விவரம் தெரிந்தவர்கள் கிழி கிழியென்று கிழித்தார்கள். 2015-ல் எலும்புகளை விரிவாக ஒப்பிட்ட ஓர் ஆய்வு, இரண்டும் வேறு வேறுதான் என்றது. தபால்துறை 26 வருடம் பொறுத்திருந்தது, அவ்வளவுதான்.

சினிமாவில் வசூல் ராஜா யார்? 'அவதார்' ஏறத்தாழ பத்து வருடம் முதலிடத்தில் இருந்தது. 2019 ஜூலையில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' முந்தியது. 2021 மார்ச்சில் சீனாவில் அவதாரை மறுபடி திரையிட்டு இடத்தைத் திரும்பப் பிடித்தார்கள். இது ஒன்றில்தான் விடையை டிக்கெட் வாங்கி மாற்ற முடிந்திருக்கிறது.

வேண்டுமென்றே ஒரு பொய்

தப்பான விடை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் பரவுகிறது என்பதைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியுமா? ஒருவர் பிடித்தார். அமெரிக்காவின் ஃப்ரெட் வொர்த் துணுக்குத் தகவல் களஞ்சியங்கள் எழுதியவர். தன் உழைப்பை யாராவது திருடினால் தெரிய வேண்டும் என்று ஒரு பொய்யை உள்ளே புதைத்து வைத்தார். தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் பிலிப் என்பதுதான் அந்தப் பொய். தொடரில் அந்தப் பெயர் எங்கேயும் வராது.

எண்பதுகளில் 'டிரிவியல் பர்சூட்' என்ற கனடா நாட்டு வினாடி வினா விளையாட்டு விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதன் அட்டை ஒன்றில், கொலம்போவின் முதல் பெயர் என்ன என்ற கேள்விக்கு விடை: பிலிப். வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அவருடைய புத்தகத்தையும் பார்த்ததை மறுக்கவில்லை. ஆனாலும் வழக்கு தோற்றது. தகவல் யாருக்கும் சொந்தமில்லை, பல புத்தகங்களிலிருந்து எடுத்துத் தொகுப்பது குற்றமில்லை என்றது நீதிமன்றம். இதில் அநியாயம் என்னவென்றால், அவர் எழுதியது தகவலே இல்லை, சொந்தக் கற்பனை. கதையாக எழுதியிருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பார்! பிற்பாடு தொடரின் பழைய காட்சிகளை நிறுத்திப் பார்த்தவர்கள், கொலம்போவின் அடையாள அட்டையில் ஃபிராங்க் என்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டில் பொய் சொல்ல ஆளே தேவைப்படவில்லை. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று மூன்று தலைமுறை எழுதி மதிப்பெண் வாங்கியது. 2012-ல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி, அதற்கான அரசாணையைக் காட்டுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகம் பதில் தந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகும் ஹாக்கி பல புத்தகங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

முதல் படம் எது?

கடைசியாக, நம் வினாத்தாள்களில் அலுக்காமல் வரும் கேள்விகள். தமிழின் முதல் மௌனப் படம் 'கீசக வதம்'. எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார், மோட்டார் வாகன வியாபாரம் செய்தவர். புனாவில் ஓர் ஆங்கில ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கற்றுக்கொண்டு வந்து, கீழ்ப்பாக்கம் பக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டுடியோ போட்டார். வருடம்? ஒரு நூலில் 1916, இன்னொன்றில் 1917, மற்றொன்றில் 1918. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மௌனப் படத்துக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நடுவே வரும் எழுத்து அட்டைகளைத்தான் காட்ட வேண்டும். அதிலும் வேறு மொழிகள் சேர்ந்திருந்தன. இந்தக் கேள்விக்கு வருடத்தைக் கேட்டு நான்கு விருப்பம் கொடுப்பவர்களின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பேசும் படத்தில் தேதி தெளிவு. 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. பம்பாயில் எடுத்த படம், நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, மற்றவர்கள் தெலுங்கிலும் பேசினார்கள். இது முழுத் தமிழ்ப் படம்தானா என்ற சண்டை அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. அதன் பிரதியும் போய்விட்டது.

ஆனால் தென்னிந்தியாவின் முதல் பேசும் படம் எது என்ற கேள்விக்கு 'காளிதாஸ்' என்று சொல்வது வெகுகாலம் தப்பாக இருந்தது. 'பக்த பிரகலாதா' என்ற தெலுங்குப் படம் 1931 செப்டம்பர் 15-லேயே வந்துவிட்டது என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த நாளைத் தெலுங்கு சினிமாவின் பிறந்தநாளாகவும் கொண்டாடினார்கள். ரெண்டால ஜெயதேவா என்ற பத்திரிகையாளர் பழைய செய்தித்தாள்களையும் தணிக்கைப் பதிவுகளையும் புரட்டிப் பார்த்தார். படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடைத்ததே 1932 ஜனவரியில். வெளியானது பிப்ரவரி 6. வரிசை தலைகீழாகி, 'காளிதாஸ்' முன்னால் வந்துவிட்டது.

இரண்டையும் இயக்கியவர் ஒரே ஆள், எச்.எம். ரெட்டி. எந்த விடையை டிக் செய்தாலும் அவருக்கு நஷ்டமில்லை.